கருவிக்கும் வேண்டும் பாயிரம்

நூலைக் கற்பிக்குமுன் அதன் பாயிரத்தைக் கற்பிப்பது நம் ஆசிரிய மரபு. நூலை இயற்றியவர் யார், அஃது எதன் வழிவந்தது, எவ்வெல்லைக்குள் வழங்குவது, எப்பொருளை நுவல்வது, அதனைக் கேட்டற்குரியார் யாவர், கேட்டதனால் வரும் பயன் யாது என்பன போன்ற செய்திகளை முன்னரே அறிந்துகொண்ட மாணாக்கன் நூலினுள் வழிதவறான் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இச்செய்திகளை எட்டாக வகுத்துரைக்கின்றது. நூலாசிரியர் விலக்க வேண்டிய குற்றங்கள் பத்து எனவும், பேண வேண்டிய அழகுகள் பத்து எனவும் அந்நூல் மேலும் எண்ணித் தருகின்றது.

பாயிரவியலைப் பயிற்றும் நாள்களில் மாணவர் முகங்களில் ஒருவகைச் சோர்வு படர்வதை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கின்றேன். இதனால் இக்காலத்தில் என்ன பயன் என்று அவர்தம் வாய் கேளாவிடினும் கண்கள் கேட்கும். தேர்வில் வினா வரும் என்று சொல்லி அவ்வினாவை அடக்கிவிடுதல் எளிது. ஆயினும் அது விடையாகாது. உண்மையான விடை சென்ற ஆண்டு என் முன்னாள் மாணவி ஒருத்தியின் வழியாக வந்தது. இளைஞர் கையிலுள்ள அலைபேசியும், செயற்கை நுண்ணறிவு என்று இன்று யாவரும் பேசும் புதுமையும், நன்னூற் பாயிரமும் ஒரே மேசையில் சந்தித்த அச்செய்தியை மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடற்கரையும் கணினிச் சாலையும்

நான் குடியிருக்கும் நெம்மேலி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே அமைந்த சிற்றூர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். கால்வாயைக் கடந்து திருப்போரூர் சென்றால் பழைய மாமல்லபுரம் சாலை. அச்சாலையில் வடக்கே சிறுசேரி வரையிலும் அதற்கு அப்பாலும் கணினி நிறுவனங்கள் நிரல்பட நிற்கின்றன. இவ்வூரின் பெயர் வெளியுலகிற்குத் தெரிந்தது கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களால்தான். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் முதல் நிலையம் 2013இல் திறக்கப்பெற்றது. 15 கோடி லிட்டர் தரும் மற்றொரு நிலையம் 2024இல் திறக்கப்பெற்றது. ஒருபுறம் மீனவர் குப்பங்கள், மறுபுறம் கணினித் தொழில். இவ்விரண்டிற்கும் நடுவே எங்கள் வாழ்க்கை.

நான் கூற வந்த மாணவி குப்பத்தில் பிறந்தவள். தந்தையார் ஃபைபர் படகில் தொழில் செய்பவர். எங்கள் துறையில் இளங்கலைத் தமிழ் பயின்று, பின்னர்க் கணினிப் பயன்பாட்டில் பட்டயமும் பெற்று, மேற்கூறிய சாலையிலுள்ள சிறு நிறுவனம் ஒன்றில் பணியில் சேர்ந்தாள். அலைபேசிச் செயலிகளைச் சோதித்துப் பார்த்தலும், அவற்றிற்கான விளக்கக் குறிப்புகளை எழுதுதலும் அவளுக்குரிய பணிகள்.

கடலோர மக்களுக்கான செயலிகள் நமக்குப் புதியன அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது நம்மிடம் முன்னெச்சரிக்கை அமைப்பு இல்லை. 1999இல் ஐதராபாத்தில் தொடங்கப்பெற்ற இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பிரிவு இயங்கி வருகின்றது. அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி ஆகிய செய்திகளையும் அம்மையம் வெளியிடுகின்றது. சென்னைத் தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவ நண்பன் என்னும் பொருள்படும் பெயரில் ஒரு செயலியை உருவாக்கி, இத்தகைய செய்திகளைத் தமிழிலும் பிற மொழிகளிலும் மீனவர் கைக்குக் கொண்டுவந்தது. நான் இனிச் சொல்லவிருக்கும் நிகழ்ச்சிக்கும் இவ்வமைப்புகளுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. என் மாணவி பணிபுரியும் சிறு நிறுவனமும் அலையின் உயரத்தையும் ஏலக்கூடத்து மீன் விலையையும் காட்டும் செயலி ஒன்றைத் தன் அளவில் முயன்று கொண்டிருந்தது என்பதே செய்தி.

பில்டு என்பது யாது?

பெரியவர்களும் இம்மலரைப் படிப்பர் ஆதலின் சில சொற்களை விளக்குதல் கடமையாகின்றது. நிரலாளர் எழுதும் நிரல் அப்படியே அலைபேசியில் இயங்காது. அதனைக் கணினி தொகுத்து, படங்கள் முதலியவற்றையும் சேர்த்து, அலைபேசியில் நிறுவத்தக்க ஒரு கட்டாக ஆக்கித் தரும். அக்கட்டினைத் தொழிலில் உள்ளோர் பில்டு என்பர். நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் புதிய பில்டு வேண்டும். ஒரே நாளில் நான்கைந்து பில்டுகள் உருவாதலும் உண்டு. அவை யாவும் இணையத்திலுள்ள ஒரு கிடங்கில் ஏற்றி வைக்கப்பெறும். அவற்றுள் பல சோதனைக்கு மட்டுமே உரியன. சிலவே மக்கள் கைக்குச் செல்வன.

ஆண்ட்ராய்டு முறையில் ஒவ்வொரு பில்டுக்கும் இரண்டு அடையாளங்கள் உள. ஒன்று மக்கள் காணும் பதிப்புப் பெயர். 1.9 என்றோ 1.10 என்றோ அது வழங்கும். மற்றொன்று அலைபேசி காணும் பதிப்பெண். அது முழு எண். பழைய பில்டின்மேல் புதியதை நிறுவ வேண்டுமாயின் இவ்வெண் முன்னதனினும் குறைந்திருத்தல் ஆகாது. ஐபோன் முறையிலும் இவ்வாறே இரண்டு அடையாளங்கள் உள. அங்குச் சோதனைக்கென ஏற்றும் பில்டு 90 நாள்களில் காலாவதியாகிவிடும்.

அடுத்தது முகவர் என்பது. நாம் வினவ விடை சொல்வதோடு நில்லாது, நாம் இட்ட பணியைத் தானே பல படிகளாகப் பகுத்துக்கொண்டு வேண்டிய கருவிகளை அழைத்து முடித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு நிரலை முகவர் என்கின்றனர். அம்முகவர் கருவிகளை அழைப்பதற்குரிய பொதுநெறி ஒன்றினை ஆன்த்ரோபிக் என்னும் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பது அதன் பெயர். அந்நெறிப்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும், அதற்கு அளிக்க வேண்டிய உள்ளீடுகளின் வரையறையும் இருத்தல் வேண்டும்; அதன் பணியை விளக்கும் உரையும் இடம்பெறலாம்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். கருவியின் உள்ளே நிரல் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை முகவர் பொதுவாகக் காண்பதில்லை. அதற்குத் தெரிவன அப்பெயரும் உரையும் வரையறையுமே. மனிதனாயின் அருகிலிருப்பவனைக் கேட்பான். நேற்று நடந்ததை நினைவு கூர்வான். முகவருக்கு அந்த உரையே உலகம். உரை சொல்லாது விட்ட இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்ளும்; அவ்வூகத்தையும் ஐயம் சிறிதுமின்றிச் செயலாக்கும்.

ஐப்பசியில் நேர்ந்தது

என் மாணவியின் நிறுவனத்தில், கிடங்கிலுள்ள பில்டுகளைப் பட்டியலிடும் கருவி ஒன்றினை முகவருக்கென ஆக்கியிருந்தனர். அதற்கு எழுதப்பட்டிருந்த விளக்கம் ஒரே வரி: ஏற்றப்பட்ட பில்டுகளின் பட்டியலைத் தரும் என்பது. பில்டுகளைச் சோதனையாளர் அலைபேசிகளுக்கு அனுப்பும் கருவி வேறொன்று இருந்தது. குப்பங்களில் பன்னிரண்டு படகுக்காரர்கள் சோதனையாளராக இசைந்திருந்தனர்.

ஐப்பசித் திங்களில் ஒரு மாலை, மேலாளர் முகவரிடம் கடைசிப் பில்டைச் சோதனையாளர்க்கு அனுப்புமாறு பணித்துவிட்டு வீடு சென்றார். முகவர் பட்டியலை வாங்கிப் பார்த்தது. முதலில் நின்ற பில்டை எடுத்து அனுப்பியது. அந்தப் பில்டோ, திரையின் வண்ணங்களைச் சரிபார்ப்பதற்காக நிரலாளர் ஒருவர் அன்று ஏற்றியது. அதனுள் இருந்தது மெய்யான கடற்செய்தி அன்று. மாதிரிக்கென இட்ட எண்கள். எந்நேரம் திறந்தாலும் அலையின் உயரம் அரை மீட்டர் என்றே அது காட்டும்.

மறுநாள் விடியற்காலை வாடைக்காற்று வலுத்து வீசிக் கொண்டிருந்தது. பன்னிரண்டு அலைபேசிகளும் கடல் அமைதி என்றன. மாணவியின் தந்தையார் கரையில் நின்று கடலையும் அலைபேசியையும் மாறிமாறிப் பார்த்து, "கடலு ஒண்ணு சொல்லுது, போனு ஒண்ணு சொல்லுதே" என்று சொல்லிப் படகைத் தள்ளாது நின்றுவிட்டார். அடுத்த வீட்டு இளைஞன் ஒருவன் அலைபேசியை நம்பி வலையை ஏற்றிவிட்டான். முதியோர் நால்வர் அவன் படகைப் பிடித்து நிறுத்தினர். எவர்க்கும் தீங்கில்லை. ஆயின் அன்று கரையில் அந்த நால்வர் இல்லையெனில் என்னாகியிருக்கும் என்ற எண்ணம் அப்பெண்ணை உறங்கவிடவில்லை.

நிறுவனத்தார் முகவரைக் குறை கூறினர். அவள் கருவியின் விளக்கத்தை எடுத்துப் பார்த்தாள். அவ்வார இறுதியில் ஒற்றைத் தாளோடு என் இல்லம் வந்தாள்.

"ஐயா, இந்த ஒரு வரியை நான்தான் திருத்தி எழுத வேண்டும். எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியவில்லை" என்றாள்.

"இது கணினிக்காரர் வேலை அல்லவா அம்மா?" என்றேன்.

"கணினி வேலையை முடித்துவிட்டார்கள் ஐயா. மிச்சம் இருப்பது சொல் வேலை" என்றாள்.

எட்டுச் செய்திகளும் ஒரு கருவியும்

இரண்டு மாலைகள் நாங்கள் அத்தாளோடு அமர்ந்தோம். நன்னூல் கூறும் பாயிரச் செய்திகளையே வினாக்களாக மாற்றிக்கொண்டோம்.

முதலில் பெயர். பில்டுகளைப் பட்டியலிடுக என்ற பெயரில், எந்தப் பில்டுகள் என்பது இல்லை. ஏற்றப்பட்டன யாவும் வெளியிடப்பட்டன அல்ல. எங்கள் ஊர் நிலையத்தையே உவமை காட்டினேன். கடலிலிருந்து உள்ளே எடுத்த நீர் எல்லாம் குடிநீர் ஆவதில்லை. ஒரு பகுதி குடிநீராய் நகருக்குச் செல்கின்றது. உப்பு மிகுந்த மறுபகுதி கடலுக்கே திரும்புகின்றது. இரண்டும் அந்நிலையத்திலிருந்து வரும் நீரே. எக்குழாயில் எந்நீர் என்று எழுதி வைக்காவிடின் என்னாகும்? ஆகவே ஏற்றப்பட்ட பில்டுகள் என்பதைப் பெயரிலேயே சேர்த்தாள். இவற்றுள் சோதனைக்கு மட்டும் உரியனவும் அடங்கும் என்பதை விளக்கத்தின் முதல் தொடராக்கினாள்.

அடுத்து எல்லை. கருவி எதைச் செய்யும் என்பதைப் போலவே எதைச் செய்யாது என்பதும் எல்லையுள் அடங்கும். இது பட்டியலை மட்டும் தரும். எதனையும் அனுப்பாது, அழிக்காது, மாற்றாது. ஒருமுறை கேட்டால் 20 பில்டுகளையே தரும். எஞ்சியன வேண்டுமாயின் அது தரும் தொடர்ச்சிக் குறியைக் கொண்டு மீண்டும் கேட்க வேண்டும். இதனைச் சொல்லாவிடின் இருபதையே முழுமை என்று முகவர் கொள்ளும்.

மூன்றாவதாக வரிசை முறை. இங்கேதான் இலக்கணம் பயின்ற பயனை அவள் கண்டாள். 1.9, 1.10 என்னும் இரண்டில் எது புதியது? தசம எண்ணாகக் கொண்டால் 1.10 சிறியது, 1.9 பெரியது. பதிப்புப் பெயராகக் கொண்டால் ஒன்பதாவதற்குப் பின் வருவது பத்தாவது, ஆகவே 1.10 புதியது. ஒன்பதாம் இயலை அடுத்துப் பத்தாம் இயல் வருவது போன்றது அது. ஒரே வடிவம், இரண்டு வாசிப்பு. ஆதலின் பதிப்புப் பெயரை வைத்து வரிசைப்படுத்தலாகாது. ஏற்றிய நேரத்தின்படியே பட்டியல் அமைந்துள்ளது. இறுதியாக ஏற்றியது முதலில் நிற்கும் என்று எழுதினாள்.

நான்காவதாக நேரம். கிடங்கு உலகப் பொது நேரத்தைக் காட்டுகின்றது. நம் நேரம் அதனினும் ஐந்தரை மணி முற்பட்டது. நம் நாட்டில் 12ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு ஏற்றிய பில்டு, பட்டியலில் 11ஆம் தேதி இரவு 9.30 என்று நிற்கும். நேற்றைய பில்டு எது என்று மேலாளர் கேட்டால் விடை மாறிவிடும். எந்நேரம் காட்டப்படுகின்றது என்பதை ஒரு தொடரில் எழுதினாள்.

ஐந்தாவதாக நிலை. ஏற்றிய உடனே பில்டு பயன்பாட்டிற்கு ஆயத்தமாகிவிடாது. கிடங்கு அதனை ஆராய்ந்துகொண்டிருக்கலாம்; தகுதியில்லை என்று தள்ளியிருக்கலாம்; காலாவதியாகியிருக்கலாம். அந்நிலைகள் ஒவ்வொன்றிற்கும் பொருள் எழுதினாள். இவற்றோடு, இது சோதனைக்கா, மாதிரிச் செய்தி உடையதா, மக்களுக்கா என்று காட்டும் புலம் ஒன்றையும் கருவியில் சேர்க்குமாறு நிரலாளரைக் கேட்டுக்கொண்டாள். ஐப்பசியில் இல்லாதிருந்தது அந்தப் புலமே.

வெற்றுப் பக்கத்தின் பொருள்

ஆறாவதாக எழுந்த வினா என் தந்தையாரை நினைவூட்டியது. பட்டியல் வெறுமையாக வந்தால் முகவர் என்ன கொள்ளும்? பில்டு எதுவும் இல்லை என்றா? கிடங்கோடு தொடர்பு அறுந்தது என்றா? கேட்ட செயலியின் பெயர் தவறு என்றா?

அத்தா அவர்கள் சென்னைப் பெரியமேட்டில் தோல் மண்டி ஒன்றில் நெடுங்காலம் கணக்கெழுதியவர்கள். ஒவ்வொரு தோல் கட்டிற்கும் எண், வந்த நாள், வந்த ஊர், தரம், சென்ற இடம் என்று ஒரு வரி எழுதுவார்கள். கட்டு எதுவும் வாராத நாளிலும் பேரேட்டில் தேதியிட்டு, வரவு இல்லை என்று எழுதிக் கையொப்பமிடுவார்கள். வீணாக எதற்கு அத்தா எழுதுகிறீர்கள் என்று சிறுவனாகிய நான் ஒருமுறை கேட்டேன். "சரக்கு வராத நாள் வேறு, நான் எழுதாத நாள் வேறு. வெறும் பக்கத்தைப் பார்த்தால் இரண்டில் எது என்று பிறகு வருபவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டாத அவர்கள் சொன்ன அவ்விதியை, நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு கருவியின் விளக்கத்தில் நாங்கள் எழுதினோம். பில்டு இல்லையெனில் வெற்றுப் பட்டியலும், இல்லை என்னும் செய்தியும் வரும். தொடர்பு அறுந்தால் பிழைச்செய்தி வரும். பிழைச்செய்தி வந்தபோது பில்டு இல்லை என்று முடிவு செய்தல் கூடாது.

கடைசி என்னும் சொல்

ஐப்பசி நிகழ்ச்சியின் வேர் ஒரு தமிழ்ச் சொல்லிலும் இருந்தது. கடைசிப் பில்டு என்றுதான் மேலாளர் பணித்தார். கடைசி என்பது காலத்தால் இறுதியில் வந்ததையும் குறிக்கும். வரிசையில் இறுதியில் நிற்பதையும் குறிக்கும். புதியது முதலில் நிற்கும் பட்டியலில், வரிசையின் கடைசியில் நிற்பது மிகப் பழையதாகும். மேலாளர் கருதியதோ இவ்விரண்டும் அன்று; சோதித்து முடித்தவற்றுள் புதியதையே அவர் கருதினார். ஒரு சொல், மூன்று பொருள்.

முன், பின் என்னும் சொற்களும் இத்தகையனவே. முன்னோர் என்னும்போது முன் என்பது கடந்த காலம். முன்னேற்றம் என்னும்போது அதுவே செல்ல வேண்டிய திசை. நாம் பேசும்போது இடமும் குரலும் முகக்குறிப்பும் இம்மயக்கத்தைத் தீர்த்துவிடுகின்றன. எழுத்தை மட்டுமே காணும் முகவருக்கு அத்துணைகள் இல்லை. ஆகவே கடைசி, புதியது, முந்தையது என்னும் சொற்களைப் பயனர் கூறினால், எப்பொருளில் கூறுகின்றார் என்பதை அவரிடமே திருப்பிக் கேட்க வேண்டும் என்று விளக்கத்தில் சேர்த்தாள். மயங்க வைத்தல் என்று நன்னூல் ஒரு குற்றத்தைச் சுட்டுகின்றதே, அஃது ஏட்டுச் சுவடியோடு முடிந்த குற்றம் அன்று என்பது எனக்கு அப்போது மேலும் தெளிவாயிற்று.

புதியதே சிறந்தது என்னும் எண்ணமும் ஆராயத்தக்கது. சுவடி உலகில் நிலைமை இதற்கு மாறானது. படியெடுக்கப் படியெடுக்கப் பிழைகள் பெருகும் ஆதலின் அண்மையில் எழுதிய சுவடியே திருத்தமானது என்று பதிப்பாசிரியர் எவரும் கொள்ளார். செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் 1842இல் சீறாப்புராணத்தை அச்சேற்றினார். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். ஐயர் பல சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடங்கொண்டார். எச்சுவடி எங்கிருந்து கிடைத்தது என்பதையும் குறித்து வைத்தார். சுவடியாயினும் பில்டாயினும், கையிலிருப்பது எது, எங்கிருந்து வந்தது, எதற்குரியது என்ற குறிப்பு இல்லாதபோது, புதியது என்பதும் பழையது என்பதும் தகுதிக்குச் சான்றாகா.

எழுத்தின் எல்லை

இவ்வளவும் எழுதிய பின் அத்தாள் ஒன்று ஏழாயிற்று. இங்கே நன்னூலின் வேறிரண்டு குற்றங்கள் நினைவிற்கு வந்தன. குன்றக் கூறல் ஐப்பசியில் எத்தகைய இடரை விளைக்க இருந்தது என்பதைக் கண்டோம். மிகைபடக் கூறலும் தீங்கே. முகவர் ஒரே நேரத்தில் மனத்தில் கொள்ளும் எழுத்தின் அளவிற்கு வரம்புண்டு. ஐம்பது கருவிகளுக்கு ஐம்பது நெடிய உரைகள் இருப்பின் வேண்டியதும் வேண்டாததும் கலந்து, முகவர் பொருத்தமற்ற கருவியைத் தெரிந்தெடுத்தல் கூடும். ஆகவே ஒவ்வொரு தொடரையும் எடுத்து, இதனை நீக்கினால் முகவர் தவறிழைக்க இடமுண்டா என்று வினவினாள். இடமில்லை எனில் நீக்கினாள். ஏழு தாள் ஒரு தாளாயிற்று. முன்பிருந்த ஒற்றை வரிக்கும் இந்த ஒற்றைத் தாளுக்கும் இடையே இரண்டு மாலைகளின் உழைப்பு இருந்தது.

சோதனைப் பில்டுகளை மீனவர்க்கு அனுப்பாதே என்று ஒரு தொடரை இறுதியில் சேர்க்கலாமே என்றேன். சேர்த்தாள். ஆயின் அதனோடு அவள் அமையவில்லை.

"ஐயா, விளக்கத்தில் எழுதுவது வேண்டுகோள்தான். முகவர் பெரும்பாலும் கேட்கும். எப்போதும் கேட்கும் என்று உறுதி கூற முடியாது. அனுப்பும் கருவியிலேயே பூட்டு வேண்டும். மாதிரிச் செய்தி உள்ள பில்டைக் கொடுத்தால் அது அனுப்ப மறுக்க வேண்டும். ஒரு மனிதர் ஒப்புதல் தராமல் எதுவுமே போகக் கூடாது" என்றாள்.

எழுத்தைத் தொழிலாகக் கொண்ட என் போன்றோர் மனங்கொள்ள வேண்டிய கூற்று அது. சாலையில் பள்ளம் உள்ளது என்று பலகை வைத்தல் வேண்டும். பள்ளத்தை மூடுதலும் வேண்டும். முதலாவது சொல்லின் கடமை. இரண்டாவது செயலின் கடமை. ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது. அவளுடைய நிறுவனத்தார் இரண்டையும் ஏற்றனர்.

புதிய விளக்கத்தை வைத்து அவர்கள் முகவரைப் பலவாறு சோதித்தனர். கடைசிப் பில்டை அனுப்பு என்று அதே பணியை மீண்டும் இட்டபோது, இறுதியாக ஏற்றிய பில்டு மாதிரிச் செய்தி உடையது. சோதித்து முடித்த வேறொரு பில்டு உள்ளது. எதனை அனுப்ப வேண்டும் என்று முகவர் திருப்பிக் கேட்டது. இச்செய்தியைத் தொலைபேசியில் கூறியபோது அவள் குரலில் இருந்த நிறைவு, நல்ல மதிப்பெண் பெற்ற நாளிலும் நான் கேட்டறியாதது.

மாணவர்க்கும் பெரியோர்க்கும்

தமிழ் பயின்றால் வேலையுண்டா என்று சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் கேட்கின்றனர். கவலையோடு கேட்கும் அவர்களை நாம் குறை கூற இயலாது. தமிழ் மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். என் மாணவியும் கணினிப் பட்டயம் பெற்ற பின்னரே அப்பணியை அடைந்தாள். ஆயின் கணினி மட்டும் அறிந்த நிரலாளர்கள் அந்த ஒற்றை வரியைப் போதும் என்று விட்டிருந்தனர் என்பதும், சொல்லின் பொருளை வரையறுக்கப் பயின்றவளுக்கே அதன் குறை தென்பட்டது என்பதும் எண்ணத்தக்கன. முகவர்கள் பெருகும் இக்காலத்தில் கருவிகளுக்கு விளக்கம் எழுதும் பணியும் பெருகும். தெளிவாகவும் சுருக்கமாகவும் எல்லை வகுத்தும் எழுத வல்லார்க்கு அதில் இடமுண்டு.

ஆகவே மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்னூற் பாயிரவியலை மனப்பாடம் செய்வதோடு நில்லாதீர்கள். உங்கள் கையிலுள்ள ஏதேனும் ஒரு பொருளுக்கு, அதனை முன்பின் அறியாத ஒருவர் படித்துப் பிழையின்றிக் கையாளும்படி, ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதிப் பாருங்கள். குற்றங்கள் பத்தையும் வைத்து அதனை நீங்களே திருத்துங்கள். எங்கள் துறையில் இப்பயிற்சியை வரும் பருவத்திலிருந்து உள்தேர்வின் ஒரு கூறாக்க எண்ணியுள்ளேன்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒன்று கூற விழைகின்றேன். கணினி பயிலும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தரும் நீங்கள், தமிழும் கணினியும் சேர்த்துப் பயில விரும்பும் பிள்ளைகளையும் அதே கண்ணோடு நோக்குங்கள். மாலை நேரப் பட்டய வகுப்பொன்றை நம் கல்லூரியிலேயே தொடங்கத் துணை நில்லுங்கள். குப்பத்திலிருந்தும் கால்வாய்க்கு அப்பாலிருந்தும் வரும் பிள்ளைகள் கட்டணத்திற்கு அஞ்சாது சேரும் வகுப்பாக அஃது அமைதல் வேண்டும்.

கருவியைச் செய்தவர் ஒருவர். அதனை இயக்குவது மற்றொன்று. அதன் விளைவைத் தாங்குபவரோ இருவரையும் அறியாத ஒரு மீனவர். இம்மூவரையும் இணைப்பன அக்கருவிக்கு எழுதப்பெறும் சில தொடர்களே. அவற்றை எழுதும் பொறுப்பு நம் பிள்ளைகளின் கைக்கு வரும் காலம் தொடங்கிவிட்டது. அதற்குரிய பயிற்சியை அவர்களுக்கு அளிப்பது ஆசிரியராகிய எங்கள் கடன்.